அரை மில்லிமீட்டர் தாராளம்

வரைபடத்தில் இருபது மில்லிமீட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் இருபதரை குடைந்து வைத்தவள் நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்தவளுக்கு உலோகம் வெட்டும் மெஷினும் சொன்னபடி கேட்கும் என்று ஒரு திமிர். கோபம் வேறு. திமிரும் கோபமும் ஒன்றாக வந்தால் நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன்.

கோபம் என் வீட்டுக்காரர்மேல். அவர் டர்னர். பம்பு தொழிற்சாலையில் ஆள் உயர லேத்தில் முப்பத்தாறு வருஷம் இரும்பு கடைந்தவர். ஓய்வு பெற்ற பிறகாவது மெஷினைவிட்டு நகர்வார் என்று பார்த்தேன். அவரோ எங்கள் பின்னறையில் ஒரு குட்டி லேத்தை இறக்கி அதோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். அங்கே அவர் செய்தது நீராவி எஞ்சின். பொம்மை என்று யாராவது சொன்னால் முகம் தொங்கிவிடும். முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் உண்மை எஞ்சின் மாதிரியே உள்ளே தண்ணீர் கொதிக்கவேண்டும், ஆவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளவேண்டும், சக்கரம் சுற்றவேண்டும். முதல் எஞ்சின் சாப்பாட்டு மேஜைமேல் சமர்த்தாக ஓடியது. இரண்டாவது தரையில் ஓடி, நான் வெட்டி விரித்திருந்த சாட்டின் துணி நாலு மீட்டரில் எண்ணெயைக் கக்கிவிட்டு நின்றது. அன்றைக்கு அவரும் எஞ்சினும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. இரண்டு சிலிண்டர் வைத்த ரயில் எஞ்சின். சட்டம், சக்கரம், கொதிகலன் எல்லாம் முடிந்து சிலிண்டர்கள் மட்டும் பாக்கி. அதற்கு வெண்கலத்தில் மூன்று வார்ப்புகள் வாங்கி வைத்திருந்தார். இரண்டு வேலைக்கு, ஒன்று உபரி.

அந்தச் சமயத்தில்தான் அவர் வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் காப்பிக் கோப்பை தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. பிறகு சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. நரம்பு டாக்டர் நோய்க்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். குறையும், போகாது என்றார். இவர் வீட்டுக்கு வந்து நேராகப் பின்னறைக்குப் போனார். முதல் சிலிண்டர் குடைந்து முடிந்திருந்தது. மூடி பொருத்துவதற்கு அதில் தீக்குச்சி தடிமனில் ஓட்டைகள் போட்டு, உள்ளே மரை வெட்டவேண்டும். மரை வெட்டுகிற எஃகுத் திருகாணியான டேப்பைக் கையால்தான் திருகவேண்டும். கை ஆடியது. டேப் உள்ளேயே முறிந்துவிட்டது. வெண்கலத்துக்குள் முறிந்த எஃகை எடுக்க முடியாது. அந்த சிலிண்டர் அவ்வளவுதான்.

அடுத்த வார்ப்பை அவர் ஏற்கெனவே லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் இறுக்கி, மையம் பார்த்து வைத்திருந்தார். அதை அப்படியே விட்டார். விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த அறைக்குள் போகவில்லை.

கதவைச் சாத்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் நல்லவராக மாறியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் குறை சொல்லிப் பழகிய வாய். நான் தைத்த காலரைத் தூர நின்று பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு பாரு" என்பார். அளந்தால் ஏறியிருக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. அப்படிப்பட்டவர் இப்போது எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். உப்பில்லாத குழம்பும் நல்லாத்தான் இருந்தது. நாள் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடும் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு, தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன திங்கட்கிழமை, பேப்பரில் வந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ரொம்ப நாளாக் கேட்டுட்டிருந்த கடிகாரக் கடைக்காரர்கிட்ட லேத்தை எடுத்துக்கச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஆளோட வர்றார்."

"எடுத்துக்கச் சொல்லிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"கை ஆடறவன் சுத்தற மெஷின்கிட்ட நிக்கக் கூடாது. அது தெரியாதா உனக்கு? நியாயம்தானே?"

நியாயம்தான். அன்றைக்கு ஒரு பள்ளிச் சீருடைக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாக வைத்துத் தைத்தேன். லேத் போய்விட்டால் இவர் இனி அந்த ஜன்னலைவிட்டு எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த நோயைவிட எனக்கு அந்த ஜன்னல்தான் பயமாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை பத்து மணிக்கு அவருக்குக் கைப்பயிற்சி வகுப்பு. பந்தைப் பிசையச் சொல்வார்களாம். பதினொன்றரைக்குத்தான் திரும்புவார். செவ்வாய்க்கிழமை அவர் தெருமுனை திரும்பியதும் நான் பின்னறைக் கதவைத் திறந்தேன். எட்டு மாத எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. ஜாம் பாட்டில்களில் திருகாணிகள் அளவுவாரியாக இருந்தன. நான் ஓரம் அடித்துக் கொடுத்த பழைய போர்வைக்கு அடியில் எஞ்சின் கிடந்தது. லேத்தின் சக்கில் அந்த வார்ப்பு, அவர் இறுக்கிவிட்டுப் போன மாதிரியே, நடுவில் சொரசொரப்பான ஓட்டையோடு நின்றது. குடைகிற டூலும் அதன் எதிரே தயாராக இருந்தது. ஒரு சுவிட்சும், டூலை நகர்த்துகிற இரண்டு கைச்சக்கரமும்தான் குறுக்கே.

எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல வருஷம் அந்த லேத்தின் சத்தத்தைக் கேட்டவள். வெட்டு சரியாக விழுந்தால் ஒரு சத்தம், டூல் மழுங்கினால் ஒரு சத்தம். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது மைக்ரோமீட்டரைப் படித்துச் சொன்னவளும் நான்தான். ஒரு சிலிண்டரையாவது முடித்து அவர் முன்னால் வைத்தால் மனம் மாறாதா என்று ஒரு நப்பாசை. செவ்வாய்க்கிழமை கரண்ட் போடாமல் சக்கரங்களை மட்டும் திருகிப் பார்த்தேன். புதன்கிழமை தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். மெல்லியதாக ஒரு வெட்டு. ஓட்டைக்குள்ளிருந்து வெண்கலப் பொடி கொட்டியது. சத்தம் சரியாக இருந்தது. சந்தோஷத்தில் இன்னொரு வெட்டும் வைத்தேன்.

வியாழக்கிழமைதான் புத்தி குறுக்கே போனது. வெர்னியர் வைத்து அளந்து அளந்து வெட்டி, இருபதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். சரிபார்க்க வரைபடத்தைப் பார்த்தேன். சிலிண்டர் உள்ளளவு இருபது. அதற்குக் கீழே பிஸ்டன், அதுவும் இருபது. இதென்ன கூத்து என்று தோன்றியது. இருபதுக்குள் இருபது எப்படிப் போகும்? பதினாலு அங்குலக் கைக்குப் பதினாலு அங்குலத்தில் சட்டைக்கை வெட்டினால் போட்டவர் கையைத் தூக்க முடியுமா? உள்ளே போய் வருகிற பொருளுக்குக் கொஞ்சம் தாராளம் விடவேண்டும் என்பது கத்தரி பிடித்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். இதை எழுதும்போது இவர் மறந்திருப்பார் என்று முடிவு செய்தேன். மனிதருக்கு உடம்பு சரியில்லை, மறந்திருப்பார். அவர் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில் அரை மில்லிமீட்டர் தாராளமாகக் குடைந்தேன். பெருமையோடு கழற்றித் துடைத்து ஒரு லைனிங் துணியில் சுற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு, அவர் சாப்பிட்டு முடித்ததும், தட்டை எடுத்துவிட்டு அந்தத் துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் சிலிண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சிலிண்டரைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டைக்குள் கண்ணைவிட்டார். கை ஆடியதில் சிலிண்டர் மூக்குக் கண்ணாடியில் டக் டக்கென்று இடித்தது.

"யாரு குடைஞ்சது?"

"பூனை வந்து குடைஞ்சிட்டுப் போச்சு. யாரு குடைவாங்க? நான்தான்."

"வழவழன்னு இருக்கு," என்றார். குரல் மாறியிருந்தது. "நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவர், அந்த வார்த்தையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, "வெர்னியரை எடு. எவ்வளவு இருக்கு, படி" என்றார்.

"இருபது புள்ளி அஞ்சு."

"சரியாப் படி."

"சரியாத்தான் படிக்கிறேன். இருபதுன்னு நீங்க தப்பா எழுதியிருந்தீங்க. உள்ளே ஒண்ணு போய்ட்டு வரணும்னா இடம் வேணாமா? அதான் அரை மில்லி லூஸ் விட்டேன்."

அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன். கழுத்திலிருந்து ஏறிக் காது வரைக்கும் வந்தது.

"லூஸ் விட்டியா? லூஸா? ஏன்டி, இது என்ன பாவாடையா? ஆவி போற இடம்டி அது! ஒரு மயிரிழை இடம் இருந்தாக்கூட ஆவியெல்லாம் அந்தப் பக்கம் ஓடிடும், பிஸ்டன் சும்மா நிக்கும்! அரை மில்லி விட்டிருக்கா, அரை மில்லி! மூணு வார்ப்புல ஒண்ணை நான் தொலைச்சேன், ஒண்ணை நீ தொலைச்சே. மிச்சம் ஒத்தை சிலிண்டரை வச்சுக்கிட்டு எஞ்சின் நொண்டியடிக்கவா? யாரு உன்னை அதைத் தொடச் சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாயில முத்தா உதிர்ந்திடும்?"

பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எட்டு மாதமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். எனக்கு அழுகை வந்தது. திட்டு வாங்கியதற்காக வந்த அழுகை இல்லை. என் மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று வந்தது. ஆனால் அதைக் காட்டினால் அவர் திட்டுவதை நிறுத்திவிடுவார் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிலுக்கு நானும் கத்தினேன்.

"சரி, ஓட்டை பெருத்துப் போச்சு. இப்போ என்ன? ஒருத்தருக்கு உடம்பு பெருத்துப் போனா உடம்பையா வெட்டுவாங்க? சட்டையைப் பெருசா தைப்பாங்க. பிஸ்டனை இன்னும் வெட்டலைதானே? இந்த ஓட்டைக்குத் தகுந்த மாதிரி வெட்டுங்க!"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார், மெதுவாக. "ஓட்டையைக் குடைஞ்ச பிறகு அதுக்குத் தக்கனதான் பிஸ்டனைக் கடைவோம். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. இருபதரைன்னா இருபதரை. அதுல ஒண்ணும் இல்லை." ஆடுகிற கையை மேஜைமேல் வைத்துக் காட்டினார். "யாரு கடையறது? நூறுல ஒரு பங்கு மில்லி தப்பக்கூடாது. இந்தக் கையா?"

அவர் அதுவரை இப்படிக் கேட்டதில்லை. என் வாய் வழக்கம்போல முன்னால் போய்விட்டது.

"வேணாம், நீங்க உக்காருங்க. நானே கடைஞ்சிடறேன். பெரிய வித்தையா? உள்மடிப்புக்கு ஒரு அரை அங்குலம் விட்டு..."

அவர் எழுந்து என்னைத் தாண்டிப் பின்னறைக்குப் போன வேகத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது.

உள்ளே போனதும் நான் சட்டம் போட்டேன். சக்கில் பொருள் இறுக்குவது நான். பொடி தட்டுவது நான். அளப்பது நான். மெஷின் சுற்றும்போது அவருடைய இரண்டு கையும் அவர் பக்கத்துச் சக்கரத்தையும் நெம்புகோலையும்விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு நானே போய் கடிகாரக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவேன். "ரொம்பத்தான்," என்று முணுமுணுத்தார். ஆனால் இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்தார்.

சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் கை ஆடுவது நின்றிருக்கும். நிற்கவில்லை. சக்கரத்தின் பிடியே அவர் விரல்களோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் டூலின் நுனியைப் பார்த்தேன். குனிந்து கிட்டத்தில் பார்த்தேன்.

"என்னங்க. டூல் ஆடலை."

"என்னது?"

"உங்க கைதான் ஆடுது. டூல் ஆடலை. வந்து பாருங்களேன்."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு முழுச் சுற்றுத் திருகினால்தான் டூல் ஒரு மில்லி நகரும். கை ஆடுகிற ஆட்டத்தில் சக்கரம் அதன் விளிம்பில் பொறித்த அளவுகளில் ஒரு கோடு முன்னே போய் ஒரு கோடு பின்னே வந்தது. அந்த ஒரு கோட்டு ஆட்டம் திருகுமரையில் எப்போதும் இருக்கிற தொய்வுக்குள்ளேயே அடங்கிவிட்டது. வேண்டிய கோட்டில் வந்ததும் அவர் "இறுக்கு" என்றார். நான் பூட்டுத் திருகாணியை இறுக்கினேன். நீளவாக்கில் டூலை நகர்த்துவது லேத்தே தானாகச் செய்கிற வேலை, நெம்புகோலைத் தட்டினால் போதும். டேப் பிடிக்கும்போது கைக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இங்கே நடுவில் ஒரு மெஷினே இருந்தது. முப்பத்தாறு வருஷ டர்னருக்கு இது தெரியாமல் போயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "தெரிஞ்சுக்கணும்னு போய் நின்னாத்தானே தெரியும்," என்றார். "போய் நின்னு, அதுவும் முடியலைன்னா என்ன பண்றதுன்னு போகலை."

பிஸ்டனுக்காக எடுத்து வைத்திருந்த வெண்கல உருளையைக் கடைய ஆரம்பித்தோம். அவர் ஒரு வெட்டு வைப்பார். நான் பூட்டுவேன். டூல் ஓடி முடியும். நிறுத்துவேன், துடைப்பேன், மைக்ரோமீட்டரை வைப்பேன். இருபத்தொன்று புள்ளி இரண்டு. இருபது புள்ளி ஒன்பது. நடுவில் இரண்டு தடவை சண்டை வந்தது, நான் மைக்ரோமீட்டரை இறுக்கிப் பிடிக்கிறேன் என்று ஒரு தடவை, அவர் என்னை அவசரப்படுத்துகிறார் என்று ஒரு தடவை. இருபது புள்ளி ஐந்து ஐந்துக்கு வந்தபோது அவர் நெற்றி வியர்த்து ஒழுகியது.

"இதுதான் கடைசி வெட்டு. நூறுல ஆறு. கூட ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு."

"வைங்க. பாத்துக்கலாம்."

அவர் திருகினார். கோட்டைத் தாண்டியது. பின்னால் வந்து, தொய்வை எடுத்து, மறுபடி வைத்தார். மறுபடி தாண்டியது. மூன்றாவது தடவை கோடும் கோடும் ஒன்றாக வந்த நொடியில் "இறுக்கு!" என்று கத்தினார். இறுக்கினேன். நெம்புகோலைத் தட்டினார். டூல் நகர ஆரம்பித்தது.

அப்போது வாசல் மணி அடித்தது. நாலு மணி.

நான் ஓடிப்போய் கதவைத் திறந்தேன். கடிகாரக் கடைக்காரர் தோளில் கயிறோடு நின்றார். பின்னால் இரண்டு ஆட்கள் கடப்பாரையும் உருளைக்கட்டைகளுமாக நின்றார்கள். "மெஷின் ரெடியா அண்ணி?" என்று ஆரம்பித்தவருக்கு உள்ளேயிருந்து வந்த சத்தம் கேட்டது. அவரும் நுணுக்கமான வேலை பார்க்கிறவர்தானே. நான் வாயில் விரல் வைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி என் பின்னால் வந்தார். பின்னறை வாசலில் நான்கு பேரும் நின்றோம். வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் சக்கரத்தில் இருந்தன. டூல் ஓரத்தைத் தொட்டதும் நெம்புகோலைத் தூக்கினார். நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

"அளக்காதே," என்றார். "நேரா போட்டுப் பார்த்துடலாம்."

பிஸ்டனில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினேன். சிலிண்டரை எடுத்து அதன்மேல் வைத்துத் தள்ளினேன். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை, வழுக்கிக்கொண்டு ஏறியது. "அந்தப் பக்க வாயை உள்ளங்கையால அடைச்சுக்கோ," என்றார். "இப்போ வெளியே இழு." இழுத்தேன். சிலிண்டர் வரமாட்டேன் என்றது. என் உள்ளங்கைச் சதையை உள்ளே உறிஞ்சியது. பிடியைத் தளர்த்தியதும் தானாகப் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. காற்றுகூட நுழைய இடமில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பொங்கி வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடிகாரக்காரர் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "அடடா" என்றார். பிறகு தோளில் இருந்த கயிறு நினைவுக்கு வந்து கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"அப்போ அண்ணே, மெஷினு... நான் இன்னொரு நாள் வரட்டுமா?"

வீட்டுக்காரர் சக்கரத்திலிருந்து வலது கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். அது ஆடியது. எட்டு மாதத்தில் அவர் அந்தக் கையை அக்கம்பக்கத்தில் யாருக்கும் காட்டியதில்லை.

"இது ஆடறது நிக்கட்டும்," என்றார். "நின்ன அன்னைக்கு வந்து எடுத்துட்டுப் போங்க."

கடிகாரக்காரர் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறை குலுக்கிவிட்டு, ஆட்களைப் பார்த்து, கட்டைகளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் பின்னறைக்குத் திரும்பினேன். வரைபடம் மேஜைமேல் விரிந்திருந்தது. அவர் எழுத்து இப்போதெல்லாம் படிக்க முடியாது, அதனால் பென்சிலை என்னிடம் கொடுத்தார். இருபதை அடித்துவிட்டு இருபதரை என்று எழுதச் சொன்னார். பிறகு மூன்றாவது வார்ப்பை அலமாரியிலிருந்து எடுத்து, என் கையில் வைத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருந்தாத்தான் எஞ்சின் நேரா ஓடும். அதனால இதையும் நீயே குடை. அதே தப்பு, ஒரு நூல் கூடாம குறையாம பண்ணணும். முடியுமா?"

"இதுல மரை ஓட்டை போடறது?" என்று கேட்டேன். அந்த டேப் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது.

அவர் லேத்தின் சக்கரத்தை ஒரு சுற்றுத் திருகிப் பார்த்தார்.

"அதுக்கும் நடுவுல ஒரு மெஷின் பண்ணணும்," என்றார். "இந்த வாரம் அந்தப் பந்து வகுப்புக்குப் போகலை. நாளைக்குக் காலையில சீக்கிரம் எழுப்பு."